உதகையில் 18 நாள் தங்கிப் பயிற்சி செய்தால் மாரத்தான் நேரம் குறையுமா?

கேட்டவர்: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். வாரத்துக்கு 55 முதல் 60 கிலோமீட்டர் வரை ஆகிறது. கடந்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தானை 3 மணி 41 நிமிடத்தில் முடித்தேன். முப்பதாவது கிலோமீட்டர் வரை போட்ட கணக்குப்படியே சென்ற ஓட்டம், அதற்குப் பிறகு கையை விட்டுப் போய்விட்டது. வருகிற ஜனவரியில் அதே ஓட்டத்தை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

உதகையில் ஃபர்ன்ஹில் பக்கம் என் பெரியப்பா மகனுடைய வீடு டிசம்பரில் காலியாக இருக்கும். அலுவலகத்திலும் 18 நாள் விடுப்பு சேர்ந்து கிடக்கிறது. ஆண்டு முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீணாகிவிடும். கென்யாவின் இட்டன் போன்ற மலையூர்களில் தங்கி ஓடுகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், கூப்பிடு தொலைவில் ஒரு மலையை வைத்துக்கொண்டு நாம் ஏன் சும்மா இருக்கிறோம் என்று தோன்றுகிறது. பதினெட்டு நாள் போதுமா, அங்கேயே வேக ஓட்டங்களையும் செய்யலாமா, அல்லது மேலே தங்கிக் கீழே மேட்டுப்பாளையத்துக்கு வந்து ஓட வேண்டுமா, ஓட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு மலையிறங்க வேண்டும் என்பவை என் கேள்விகள். மூச்சைக் கட்டுப்படுத்தும் முகக்கவசம் ஒன்றை இணையத்தில் விற்கிறார்களே, அதை அணிந்து கோவையிலேயே ஓடினால் இதே பலன் கிடைக்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய தடகளம்

தம்பி, நான் கல்லூரி நாட்களில் 5,000, 10,000 மீட்டர் ஓடியவன். இப்போது எங்கள் ஊரில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உதகையில் மூன்று முறை முகாமிட்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

மலைமேல் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். விழுக்காட்டில் பார்த்தால் அது எங்கும் 20.9 தான், குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம், உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 580 ஆகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகிறது. சிறுநீரகம் இதை உணர்ந்து, சில மணி நேரத்துக்குள்ளேயே எரித்ரோபொய்ட்டின் என்ற சுரப்பைக் கூட்டத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாட்களில் அது உச்சத்தைத் தொடுகிறது. அதன் தூண்டுதலால் எலும்பு மஜ்ஜை கூடுதலான சிவப்பணுக்களை உருவாக்குகிறது. நீங்கள் மலையேறிப் போய் வாங்கி வர நினைக்கும் சரக்கு இந்தச் சிவப்பணுக்கள்தான்.

உதகையின் உயரமும் மெக்சிகோ நகரத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்றே என்பது பலருக்குத் தெரியாது. 1968-இல் அங்கே ஒலிம்பிக் நடந்தபோது 10,000 மீட்டரில் உலக சாதனையை வைத்திருந்தவர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். சாதனை நேரம் 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்சிகோவில் அதே தொலைவைக் கென்யாவின் நஃப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். வென்றவரே சாதனையைவிட ஒன்றே முக்கால் நிமிடத்துக்குமேல் பின்தங்கியிருந்தார் என்றால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்து, ஆக்சிஜன் வைக்கப்பட்டுத்தான் எழுந்தார். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் அன்று நெடுந்தொலைவு ஓட்டங்களில் பெற்ற வெற்றிகளுக்குப் பிறகுதான் உலகம் இந்தப் பயிற்சியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. இட்டன்காரர்களோடு நம்மை ஒப்பிடுவதில் இருக்கும் சிக்கலும் இதுதான்: அவர்களுக்கு 2,400 மீட்டர் என்பது முகாமல்ல, வீடு.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். மலையில் கழிக்கும் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் உடலிலுள்ள ஹீமோகுளோபினின் மொத்த எடை ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும் என்பது ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு. பதினெட்டு நாள் என்பது 432 மணி நேரம். எல்லாம் சரியாக அமைந்தால் நான்கு விழுக்காடு. மூன்று முதல் நான்கு வாரம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே, ஆகவே உங்கள் 18 நாள் கீழ் எல்லைக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது, ஆனாலும் வீணல்ல. ஆனால் இந்தக் கூட்டலை மூன்றாம் நாளே ஆய்வகத்தில் தேடாதீர்கள். மலையேறிய முதல் சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றுவதால் ஹீமோகுளோபின் எண் தானாகவே உயர்ந்து தெரியும். அது குழம்பு சுண்டியதால் உப்பு தூக்கலாகத் தெரிவது போன்றது. உப்பு ஒரு கல்கூடக் கூடியிருக்காது.

மேலே தங்கிக் கீழே ஓடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 39 கல்லூரி ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து நான்கு வாரம் பயிற்சி அளித்தார்கள். மேலேயே தங்கி மேலேயே ஓடியவர்களுக்கும், 2,500 மீட்டரில் தங்கி 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து ஓடியவர்களுக்கும் சிவப்பணு கூடியது. 5,000 மீட்டர் நேரம் சராசரியாக 13.4 விநாடி குறைந்தது இறங்கி வந்து ஓடிய குழுவுக்கு மட்டுமே. மேலே ஓடியவர்களால் தங்கள் வழக்கமான வேகத்தைத் தொட முடியவில்லை. கால்கள் மெதுவான ஓட்டத்துக்குப் பழகிவிட்டன. எனவே உதகையில் வேக ஓட்டத்தைக் கடிகாரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். முதல் ஐந்தாறு நாள் எளிய ஓட்டம் மட்டும். அதுவும் நாடித்துடிப்பைப் பார்த்து. கோவையில் கிலோமீட்டருக்கு 5:45-இல் பேசிக்கொண்டே ஓடுகிறவர் அங்கே 6:05-இல் பேச்சை நிறுத்திவிடுவார். என் முதல் முகாமில் இரண்டாம் நாளே 400 மீட்டர் ஓட்டங்களை வழக்கமான நேரத்தில் ஓடியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஆறாவது சுற்றில் ஓடுதளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். அந்த வாரம் முழுவதும் உறக்கம் கெட்டுப் போனதுதான் மிச்சம்.

பதில்: ஃபர்ன்ஹில்வாசி

மேலே உள்ள பதிலில் உடலியல் முழுவதும் வந்துவிட்டது. நான் உள்ளூர்க்காரன் என்ற முறையில் தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணா, இங்கே சமதளம் என்பது அரிய பொருள். உங்கள் உறவினர் வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம்தான். சமதளமாக ஓட வேண்டுமானால் ஏரிக்கரைப் பக்கம் வர வேண்டும், அல்லது எச்.ஏ.டி.பி. மைதானத்து ஓடுதளத்துக்குப் போக வேண்டும். மைதானத்தில் எந்த நேரத்தில் அனுமதி என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்களில் நான் பார்த்த பாதிப் பேருக்கு மூச்சு பிரச்சினை தரவில்லை, கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் தந்தன. தொட்டபெட்டா சாலையில் ஏறி ஓடுவது படம் எடுக்க நன்றாக இருக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை வாங்கும் அடி நான்கு நாளைக்குப் போகாது.

டிசம்பர் என்றால் பனிக்காலம். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல்வெளி வெள்ளை வேட்டி விரித்தது போல இருக்கும். கோவைப் பழக்கத்தில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போகாதீர்கள். இருட்டும் மூடுபனியும் ஒரு பக்கம். தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் காட்டெருமை நின்றுகொண்டிருப்பது இன்னொரு பக்கம். அது நின்றால் நாமும் நிற்க வேண்டும், அது போன பிறகுதான் நாம் போக வேண்டும். இதில் பேச்சுவார்த்தை கிடையாது. ஏழரை மணிக்கு வெயில் விழுந்த பிறகு ஓடினால் போதும், நீங்கள்தான் விடுப்பில் இருக்கிறீர்களே.

மேட்டுப்பாளையம் யோசனை வரைபடத்தில் அழகாக இருக்கும். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், ஏறுவதற்கு இன்னும் கூடுதல், விடுமுறை நாளானால் கணக்கே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு இறங்கி, உடனே வேக ஓட்டம் ஓடி, வியர்வையோடு மறுபடி ஏறுவதை வாரத்துக்கு நான்கு நாள் செய்ய முடியாது. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அது புலிகள் காப்பகம்; அங்கே சாலையில் இறங்கி நடக்கவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமையை விட்டு ஒரு வேலை நாளில், அதிகாலைப் பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு வேக ஓட்டத்தை முடித்துவிட்டு மாலைக்குள் திரும்பினால் அது நடைமுறைக்கு ஒத்துவரும். சொந்த வண்டியில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. குழம்பு சுண்டும் உவமை மறக்காது. ஒரு கூடுதல் தகவல்: ஆகஸ்டு மாதம் அலுவலகத்தில் முழு உடல் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 13.4 என்றும் ஃபெரிட்டின் 17 என்றும் வந்தது. ஹீமோகுளோபின் எல்லைக்குள் இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் சைவம்; நாளொன்றுக்கு நான்கைந்து தேநீர் குடிப்பேன். ஓட்டத்துக்குப் பிறகு முழங்கால் வலித்தால் அவ்வப்போது வலி மாத்திரை போடுவதுண்டு. இவற்றுக்கும் மலைப் பயிற்சிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: வைகை மருத்துவர்

உண்டு, இந்த இழையிலேயே மிக முக்கியமான எண் அந்த 17 தான்.

ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. ஆய்வகத் தாளில் அது எல்லைக்குள் இருப்பதாக அச்சாகியிருக்கலாம்; ஆனால் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்கு 30-க்குக் கீழே இருந்தாலே சேமிப்பு காலியாகிறது என்றுதான் விளையாட்டு மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறோம். மலையேறியதும் சிறுநீரகம் சிவப்பணு கேட்டு ஆணை அனுப்பும், மஜ்ஜையும் ஆயத்தமாகும், ஹீமோகுளோபின் செய்ய இரும்பு இல்லையென்றால் அந்த ஆணை காகிதத்தோடு நின்றுவிடும். முதல் பதிலில் குறிப்பிடப்பட்ட அதே அமெரிக்க ஆய்வாளர்கள், இரும்புச் சேமிப்பு குறைந்த ஓட்டக்காரர்களுக்கு நான்கு வாரம் மலையில் இருந்தும் சிவப்பணு கூடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார்கள். இன்றைய நிலையில் நீங்கள் உதகைக்குப் போனால் குளிரையும் களைப்பையும் மட்டும் அனுபவித்துத் திரும்புவீர்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மாதவிடாய்ப் பருவத்திலுள்ள பெண்களுக்கு ஃபெரிட்டின் குறைவது எளிதில் விளங்கக்கூடியது. 41 வயது ஆணுக்குக் குறைந்தால், ஏன் என்று கேட்காமல் இரும்பு மாத்திரையை வாங்கி விழுங்குவது தவறு. வலி மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தைக் கசியச் செய்யலாம். கொக்கிப்புழு இருக்கலாம். மூல நோயாக இருக்கலாம். உணவு மட்டுமே காரணமாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பொது மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்து, மல இரத்தப் பரிசோதனை உள்ளிட்டவற்றை முடித்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள்.

இரும்பு எழுதித் தந்தால், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். நாள்தோறும் எடுப்பதைவிட அப்படி எடுக்கும் இரும்பு குடலில் நன்றாக ஏறுகிறது என்பதால் இப்போது பலரும் அப்படி எழுதுகிறோம். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் வேண்டாம். நீலகிரிக்குப் போய்த் தேநீரைக் குறைக்கச் சொல்வது கொடுமைதான், தெரிகிறது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் நல்லது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காய்ச்சல் சளி இருக்கும்போதோ நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளோ பார்க்க வேண்டாம், அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். 40-ஐத் தாண்டிய பிறகு மலையேறலாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

எல்லோரும் மலைக்குப் போவதைப் பற்றியே எழுதுவதால், போக வேண்டாம் என்ற கட்சிக்கும் ஒருவர் வேண்டுமே என்று எழுதுகிறேன்.

1997 ஆய்வில் ஓடியவர்களுக்குத் தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது தெரியும். மலையில் தங்குகிறவனுக்குத் தான் மலையில் தங்குவது எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் குறையை நீக்க, 2012-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 16 பேரை நான்கு வாரம் நாளுக்கு 16 மணி நேரம் அறைகளுக்குள் இருக்க வைத்தார்கள். சிலருடைய அறையில் ஆக்சிஜனைக் குறைத்து 3,000 மீட்டர் உயரத்துக்குச் சமமாக ஆக்கினார்கள், மற்றவர்களுடைய அறையில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்பது பங்கேற்றவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரு தரப்புக்கும் இடையே ஹீமோகுளோபின் எடையிலும் சரி, செயல்திறனிலும் சரி, வேறுபாடு தென்படவில்லை. பதினாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, செயற்கை அறை வேறு, உண்மையான மலை வேறு என்று எதிர்வாதம் செய்வார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முகாமுக்குப் போனவர்கள் வேகமாகத் திரும்புவதில் எவ்வளவு மலையினால், எவ்வளவு வேலைக்கவலை இல்லாமல் உண்டு உறங்கி ஓடியதால் என்பதைப் பிரிப்பது எளிதல்ல. ஒரே மலையில் ஒரே நாட்கள் இருந்தும் சிலருக்கு நன்றாக ஏறுகிறது, சிலருக்கு ஏறுவதே இல்லை என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

உங்கள் ஓட்டம் முப்பதாவது கிலோமீட்டரில் உடைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு 55 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது சிவப்பணு குறைவால் மட்டும் உடைவதில்லை. நீள ஓட்டங்களின் எண்ணிக்கை, முதல் பாதியின் வேகம், வழியில் குடித்தது, உண்டது ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அடுத்தது சென்னையின் புழுக்கம். வெயிலுக்குப் பழகிய உடல் இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்கிக்கொண்டு, சீக்கிரமாகவே வியர்க்கத் தொடங்கும். இதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். உறைபனியில் 18 நாள் இருந்துவிட்டு நேரே சென்னைக் கடற்கரையில் இறங்கினால், மலையில் சேர்த்ததைப் புழுக்கத்தில் தொலைப்பீர்கள்.

முகக்கவசம் பற்றிக் கேட்டீர்கள். அது காற்று வரும் வழியைச் சுருக்குகிறது, காற்றின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் கோவையில் உள்ளதேதான். மூச்சுத்தசைகளுக்கு ஏதோ கொஞ்சம் வேலை கிடைக்கலாம். அதை அணிந்து நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுவதால் சிவப்பணு கூடாது.

பதில்: பழைய தடகளம்

மருத்துவர் சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன வெயில் விஷயத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

தேதிகளைப் பொறுத்தவரை, மலையிறங்கிய இரண்டு மூன்று நாள் கால் இலேசாக இருக்கும், பிறகு ஒரு வாரம் போல மந்தமாக இருக்கும், இரண்டாம் வாரத்துக்குப் பிறகு மூன்றாம் வாரம் முடிவதற்குள் நன்றாக ஓடலாம் என்பது பயிற்சியாளர்களின் பழைய வாய்பாடு. ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகச் சேர்ந்த சிவப்பணு சமவெளியில் நெடுநாள் நிற்பதில்லை என்பதால் ஒரு மாதத்துக்குமேல் தள்ளுவதில் பொருளில்லை. சென்னை ஓட்டம் ஜனவரி முதல் வாரம் என்றால், டிசம்பர் முதல் தேதி ஏறி 18-ஆம் தேதி இறங்குங்கள். இறங்கிய பிறகு கோவையில் எளிய ஓட்டங்களைக் காலையில் ஓடாமல் பிற்பகல் மூன்று மணி வெயிலில் ஓடுங்கள். புழுக்கத்துக்கு ஓரளவு ஈடாகும். நவம்பர் கடைசியில் ஃபெரிட்டின் 40-ஐத் தொடாவிட்டால் மலையை மறந்துவிட்டு, அந்த 18 நாளையும் கோவையிலேயே நன்றாக உறங்கி, மூன்று நீள ஓட்டங்களை ஒழுங்காக முடிக்கச் செலவிடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

வரும் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். வலி மாத்திரை அட்டையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். தேநீர் ஐந்திலிருந்து இரண்டாகியிருக்கிறது, தலைவலியோடு இதை எழுதுகிறேன். பெரியப்பா மகனிடம் வீட்டுச் சாவியை இப்போதைக்குக் கேட்டு மட்டும் வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் இரண்டாவது பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை இங்கேயே பதிவிடுகிறேன்.

பதில்: ஃபர்ன்ஹில்வாசி

அண்ணா, வருவதானால் கையுறை, காது மூடும் தொப்பி, பளிச்சென்ற நிறத்தில் ஒரு மேலங்கி ஆகிய மூன்றையும் மறக்காதீர்கள். முதல் நாள் ஓட வேண்டாம். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள்.